வரத்து போதும், பதுக்கலைப் பாருங்கள்

நம் கம்ப்யூட்டர் பேஸ்பால் லீக்கின் கமிஷனர் அண்ணனுக்கும் நிர்வாகக் குழுவில் இருக்கும் மற்ற மூன்று பேருக்கும்,

போன வாரம் நீங்கள் அனுப்பிய அறிவிப்பை மூன்று தடவை படித்துவிட்டேன். அடுத்த சீசனிலிருந்து டிராஃப்டுக்கு வரும் புதுப் பையன்களின் தரத்தை ஏற்றப் போகிறீர்கள், அதுவும் தொடர்ந்து மூன்று சீசனுக்கு. கீழே கிடக்கும் டீம்கள் மேலே வரவேண்டும் என்பது காரணம். நாலு சீசனாகக் கடைசி மூன்று இடத்தை விட்டு நகராத கடலூர் டீமை நடத்துகிறவன் என்ற முறையில் நான்தான் முதலில் கைதட்ட வேண்டும். ஆனால் வேண்டாம் அண்ணே. இந்த முடிவு என்னை மாதிரி ஆட்களை இன்னும் ஆழத்தில் தள்ளும் என்று நினைக்கிறேன். போனில் உங்களிடம் சொல்ல ஆரம்பித்தேன், நீங்கள் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தீர்கள், பாதியில் நின்றுவிட்டது. அதனால்தான் இப்படி நீளமாக, எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும், இவர்கள் எதற்கு இப்படி அடித்துக்கொள்கிறார்கள் என்று வேடிக்கை பார்க்கிறவர்களுக்கும் இரண்டு வரி. இது கம்ப்யூட்டருக்குள் நடக்கிற பேஸ்பால் லீக். 16 டீம், ஒவ்வொன்றுக்கும் நம்மில் ஒருவர் ஜி.எம்., அதாவது ஜெனரல் மேனேஜர். யாரை எடுப்பது, யாரை விற்பது, யாரை எந்த இடத்தில் நிறுத்துவது எல்லாம் நம் கையில். பந்து வீசுவதும் அடிப்பதும் அவுட் ஆஃப் த பார்க் பேஸ்பால் என்ற மென்பொருளின் வேலை. நிஜ ஆட்டக்காரர் ஒருவர்கூடக் கிடையாது, எல்லோரும் மென்பொருள் பெற்றுப்போட்ட பிள்ளைகள். வருடத்துக்கு ஒரு தடவை ஒரு கூட்டம் புதிதாகப் பிறக்கும், பிறக்கும்போதே 17, 18 வயது, சிலருக்கு 22. கடைசியில் வந்த டீம் முதலில் எடுக்கும், சாம்பியன் கடைசியில் எடுப்பார். அதுதான் டிராஃப்ட். கிரிக்கெட் மட்டையைத் தவிர வேறு மட்டையைத் தொட்டே பார்க்காத கடலூர், புதுச்சேரி ஆட்கள் எட்டுப் பேர் ஆரம்பித்து, துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போன சிநேகிதர்களை இழுத்துப்போட்டு 16 ஆக்கிய லீக் இது. என் மனைவி இதற்கு வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15இல் தொடங்கும் மீன்பிடித் தடைக்காலம் 61 நாள் கழித்து ஜூன் 14இல் முடியும். அது முடிந்து விசைப்படகுகள் திரும்புகிற முதல் காலையில் கடலூர் துறைமுகம் பக்கம் போயிருக்கிறீர்களா? போன வருடம் அம்மா ஒயர் கூடையைக் கையில் கொடுத்து அனுப்பினார், வஞ்சிரம் கிடைத்தால் வஞ்சிரம், இல்லாவிட்டால் சங்கரா. கால் வைக்க இடமில்லை. கூடை கூடையாகக் கொட்டுகிறார்கள், ஏலம் விடுகிறவர் கட்டிய தொண்டையோடு கத்திக்கொண்டே நகர்கிறார், ஆறு மணிக்குக் கேட்ட விலை எட்டு மணிக்கு இல்லை. என் பக்கத்தில் நின்ற அக்கா ஒருவர், வீடு வீடாகத் தலைச்சுமையில் விற்கிறவர், விலை இறங்கிவிட்டதே என்று ஆசைப்பட்டு இரண்டு கூடை சங்கரா எடுத்துவிட்டார். எடுத்த பிறகுதான் முகம் மாறியது. மத்தியானத்துக்குள் விற்றாக வேண்டும், அன்றைக்குப் பார்த்து எந்தத் தெருவில் போனாலும் எல்லார் வீட்டிலும் மீன். அவருக்கு நாலடி தள்ளி ஒரு லாரிக்காரர். அவருடைய ஆட்கள் ஐஸ் பாரை மிஷினில் விட்டு உடைத்து, ஓர் அடுக்கு ஐஸ், ஓர் அடுக்கு மீன் என்று பெட்டியை நிரப்பிக்கொண்டே இருந்தார்கள். அவர் டீ குடித்துக்கொண்டு நின்றார். விலை இறங்க இறங்க வாங்கினார். நாளைக்கு விற்கலாம், நாளை மறுநாள் கேரளாவுக்கு அனுப்பலாம், அவருக்கு என்ன.

வரத்து கூடினால் இல்லாதவனுக்கு நல்லது என்றுதான் தூரத்திலிருந்து பார்க்கும்போது தோன்றும். அன்றைக்கு அந்த இடத்தில் நின்று பார்த்தபோது, ஐஸ் பெட்டி வைத்திருந்தவருக்குத்தான் அது நல்ல நாளாக இருந்தது.

நம் லீக்கில் ஐஸ் பெட்டி என்றால் மைனர் டீம்கள், மெயின் டீமுக்குக் கீழே பையன்களை வளர்க்க ஒவ்வொரு டீமும் வைத்திருப்பவை. முதலிடத்தில் இருக்கும் டீமின் பெயரைச் சொல்லவில்லை, ஜி.எம். என் பள்ளி நண்பன், படித்துவிட்டு எப்படியும் போன் பண்ணுவான். அவனுடைய டிரிபிள் ஏ டீமில், அதாவது மைனரில் மேல்படியில், 24 வயதில் ஒரு ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே நிற்கிறவன்) இருக்கிறான். ரேட்டிங் 55. நாம் வைத்திருப்பது ஸ்கவுட்கள், அதாவது ஆள் தேடி எடைபோடுகிறவர்கள், பயன்படுத்தும் 20லிருந்து 80 வரை போகிற அளவுகோல், 50 என்றால் மேல்மட்டத்தில் சராசரி ஆட்டக்காரன். அதாவது இவன் சராசரிக்கு மேல். லீக்கில் ஒன்பது டீமுக்கு இவன் போன உடனே முதல் ஆட்டத்திலேயே இறங்கலாம். ஆனால் பல சீசனாக மைனரில் உட்கார்ந்திருக்கிறான், ஏனென்றால் மெயின் டீமில் இருக்கிற ஷார்ட்ஸ்டாப் 65. என் டீமில் அந்த இடத்தில் ஆடுகிறவருக்கு 34 வயது, ரேட்டிங் 40, தரையோடு வருகிற பந்து இடது பக்கம் போனால் குனிவதற்குள் போய்விடும். அந்தப் பையனைக் கேட்டேன். பதிலுக்கு என்னிடம் இருக்கிற ஒரே உருப்படியான பிட்சரை (பந்து வீசுகிறவனை) கேட்டான் நண்பன். தப்பே இல்லை, அவன் இடத்தில் நானும் அதைத்தான் கேட்பேன். அவனுக்கு ஐஸ் இருக்கிறது, அவசரம் இல்லை.

இப்போது புது வரத்தின் தரத்தை ஏற்றுங்கள். என்ன நடக்கும்? எனக்கு முதல் தேர்வில் ஒரு நல்ல பையன் கிடைப்பான், உண்மை. ஆனால் டிராஃப்ட் முழுக்கத் தரம் ஏறினால் 16ஆவது தேர்விலும் நல்ல பையன் இருப்பான், 30ஆவதிலும் இருப்பான். முதலில் எடுக்கிறவனுக்கு இருக்கிற ஒரே சொத்து, நல்லவன் ஒருத்தன் இரண்டு பேர்தான் இருக்கிறார்கள் என்பது. நல்லவர்கள் நாற்பது பேர் என்றால் வரிசையில் முதலில் நிற்பதற்கு என்ன மரியாதை? ரேஷன் கடையில் சரக்குக் குறைவாக இருக்கும்போதுதானே விடியற்காலையில் போய் நிற்கிறோம்.

நிஜ பேஸ்பாலிலேயே பாருங்கள். அமெரிக்காவின் மேல்மட்ட லீக்கான மேஜர் லீக்கில் அமெச்சூர் டிராஃப்ட் முதன்முதலாக நடந்தது 1965 ஜூனில். அதற்கு முன்னால் காசு யாரிடம் அதிகமோ அவர் பையனின் அப்பாவிடம் போய் செக்கை நீட்டுவார், அவ்வளவுதான். அந்த முதல் டிராஃப்டில் முதல் ஆளாக கன்சாஸ் சிட்டி அத்லெடிக்ஸ் எடுத்தது ரிக் மண்டேயை. நல்ல ஆட்டக்காரர்தான், 19 சீசன் ஆடினார். ஆனால் அதே டிராஃப்டில் 36ஆவதாகப் போனவர் ஜானி பெஞ்ச். 12ஆவது சுற்றில், 295ஆவதாகப் போனவர் நோலன் ரயன். இரண்டு பேருமே பேஸ்பாலின் மிகப் பெரிய ஆட்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்கள். அடுத்த வருடம் நியூயார்க் மெட்ஸ் முதல் தேர்வில் ஸ்டீவ் சில்காட் என்ற கேட்சரை (கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் மாதிரி) எடுத்தது, அவர் மேஜர் லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. இரண்டாவதாகப் போனவர் பின்னாளில் பெரிய நட்சத்திரமான ரெஜி ஜாக்சன். கூட்டத்தில் யார் தேறுவான் என்று பார்க்கத் தெரிந்தவனுக்கும், தேறும்வரை வைத்துக் காப்பாற்ற இடம் இருக்கிறவனுக்கும்தான் ஆழமான டிராஃப்ட் லாபம். நம் லீக்கில் ஸ்கவுட் செலவுக்கு யார் எவ்வளவு ஒதுக்குகிறார்கள் என்று ஒரு தடவை திறந்து பாருங்கள். மேலே இருக்கும் நாலு டீமும் அதிலும் மேலேதான் இருக்கும்.

இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது, யாரும் பேசவில்லை. லீக் முழுவதும் ஒரு சீசனில் எத்தனை ஹோம் ரன், எத்தனை ஸ்டிரைக்அவுட் என்ற மொத்தத்தை ஓரளவு நிலையாக வைத்துக்கொள்ளும்படிதான் நாம் மென்பொருளை அமைத்திருக்கிறோம். அதனால் எல்லோரும் நன்றாக ஆட ஆரம்பித்தால் ஸ்கோர் எகிறப் போவதில்லை. இன்றைக்கு 50 ஆக இருப்பவன் நாளைக்கு 45 மாதிரி ஆடுவான், அவ்வளவுதான். அவன் கெட்டுப்போயிருக்க மாட்டான், சுற்றியிருப்பவர்கள் ஏறியிருப்பார்கள். நான் போன சீசனில் ஐந்து வருட ஒப்பந்தம் போட்டு எடுத்த 31 வயது சென்டர் ஃபீல்டர், இரண்டு வருடத்தில் வெறும் சம்பளச் சுமை. ஒரு ரூபாய்கூட அவருக்கு யாரும் தரமாட்டார்கள். கீழ் டீம்கள் ஒரு சீசனை ஓட்டுவதே இந்த மாதிரி வயசான, பாதி விலைக்கு வருகிற ஆட்களை வைத்துத்தான்.

அண்ணே, நீங்கள் புதுச்சேரிக்காரர், உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. 2018இல் புதுச்சேரி முதல் தடவையாக ரஞ்சி ஆட வந்தபோது பங்கஜ் சிங், பராஸ் டோக்ரா மாதிரி வேறு மாநிலங்களில் ஆடித் தேர்ந்த ஆட்களைக் கூப்பிட்டுத்தானே இறக்கினார்கள். உள்ளூர்ப் பையனுக்கு இடம் போகிறதே என்று துத்திப்பட்டு மைதானத்து வாசலில் நீங்களே என்னிடம் புலம்பியிருக்கிறீர்கள், அந்த ஆதங்கம் வேறு பேச்சு. ஆனால் புதிதாக வருகிற டீம் காலூன்ற அனுபவக் கை இரண்டு வேண்டும் என்பதும் உண்மைதான். நம் லீக்கில் அடுத்த சீசனில் இரண்டு டீமுக்குப் புது ஜி.எம். வரப்போகிறார்கள். வந்து இறங்கும்போதே அவர்களுடைய பழைய ஆட்கள் எல்லாம் செல்லாக் காசு என்றால், மூன்று மாதத்தில் தங்கள் டீம் முடிவுகளை ஃபைலாக அனுப்புவதை நிறுத்திவிடுவார்கள். இதுவரை போனவர்கள் எல்லாம் அப்படித்தான் போனார்கள்.

அப்புறம் வயசுப் பிரச்சினை. பண்ருட்டிப் பக்கம் என் மாமாவுக்கு முந்திரித் தோப்பு இருக்கிறது. 2011 டிசம்பர் 30 தானே புயலில் ஒரே ராத்திரியில் மொத்தமும் சாய்ந்துவிட்டது, பலாவும் சேர்த்து. காலையில் போய் நின்றபோது தோப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிற ரோடு தெரிந்தது, அதுவரை யாரும் அங்கிருந்து ரோட்டைப் பார்த்ததில்லை. மறுபடி கன்று வைத்தார், எல்லாம் ஒரே சமயத்தில். நாலைந்து வருடம் ஒன்றுமே இல்லை, அப்புறம் எல்லா மரமும் சேர்ந்து காய்த்தது. இப்போது அவருடைய கவலை வேறு: எல்லா மரமும் ஒரே வயசு, தளரும்போதும் சேர்ந்துதான் தளரும். முன்னே தாத்தா வைத்தது, அப்பா வைத்தது, இவர் வைத்தது என்று மூன்று தலைமுறை மரம் கலந்து நின்ற தோப்பு அது.

நீங்கள் மூன்று சீசன் தரத்தை ஏற்றிவிட்டு அப்புறம் பழையபடி இறக்கினால், நம் லீக் அந்தத் தோப்புதான். அந்த மூன்று வருடப் பையன்கள் சேர்ந்து 27 வயதைத் தொடுவார்கள், சேர்ந்து ஃப்ரீ ஏஜென்ட் ஆவார்கள் (ஒப்பந்தம் முடிந்து எந்த டீமுக்கும் போகலாம்), அந்த வருடம் சம்பளச் சந்தை வெறிபிடித்து ஆடும், பிறகு 35இல் சேர்ந்து ஓய்வு பெறுவார்கள், பின்னால் வருகிறவர்கள் எல்லாம் அவர்களைவிட மட்டமாக இருப்பார்கள். அப்போது இதே குழு உட்கார்ந்து இன்னொரு தடவை தரத்தை ஏற்றலாமா என்று பேசும். லீக்கைத் தொடங்கியபோது எல்லோருக்கும் சேர்த்து ஒரே நாளில் ஆட்களைப் பிரித்தோமே, அந்த மேடு பள்ளம் அடங்கவே ஆறு சீசன் ஆனது, ஞாபகம் இருக்கிறதா?

சரி, குறை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் எப்படி, வேறு என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். வரத்து இருக்கிறபடி இருக்கட்டும். ஐஸ் பெட்டிக்கு ஓர் அளவு வையுங்கள்.

அதற்கு நாம் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, மென்பொருளில் ஒரு டிக் அடித்தால் போதும்: ரூல் 5 டிராஃப்ட். லீக் தொடங்கியபோது தலைவலி என்று அணைத்து வைத்தோம். நிஜத்தில் அது இப்படி: 18 வயதிலோ அதற்குள்ளோ ஒப்பந்தமானவன் ஐந்து சீசன், 19 அல்லது அதற்கு மேல் வந்தவன் நாலு சீசன் ஆகியும், டீம் தனக்கென்று காப்பாற்றிவைக்கும் 40 பேர் பட்டியலில் சேர்க்கப்படாமல் மைனரில் கிடந்தால், டிசம்பரில் வேறு டீம் அவனை எடுத்துக்கொள்ளலாம். ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டும். எடுத்த டீம் அவனை அடுத்த சீசன் முழுக்க மேஜர் லீக் டீமிலேயே வைத்திருக்க வேண்டும், முடியாவிட்டால் பழைய டீமுக்குத் திருப்பிக் கொடுக்க முன்வர வேண்டும். அதனால் சும்மா ஆசைக்கு எவரும் எடுக்க முடியாது, இடம் காலியாக இருக்கிறவன்தான் எடுப்பான். இடம் காலியாக இருப்பது யாரிடம்? என்னிடம்தான்!

இந்த வழியில் போனவர்களில் பெரிய பெயர் ராபர்டோ கிளமென்டே. 1954இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அவரை எடுத்து மாண்ட்ரியாலில் இருந்த தங்கள் மைனர் டீமில் போட்டு வைத்தார்கள், நிறைய ஆட்டங்களில் இறக்கவே இல்லை. அந்த நவம்பரில் நடந்த டிராஃப்டில் கடைசி இடத்தில் கிடந்த பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் 4,000 டாலருக்கு அவரைத் தூக்கியது. அப்புறம் 18 சீசன் அங்கேயே ஆடி சரியாக 3,000 ஹிட். இதில் எனக்குப் பிடித்த விஷயம், அப்போது பைரேட்ஸ் டீமின் ஜி.எம். யார் என்பது. பிராஞ்ச் ரிக்கி. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸில் இருந்தபோது ஊர் ஊராக மைனர் டீம்களை வாங்கிப்போட்டு ஆட்களைக் குவித்துவைக்கும் முறையையே பெரிதாக வளர்த்தவர் அவர்தான், டாட்ஜர்ஸுக்கும் முன்னாள் தலைவர். பெட்டி செய்தவருக்கே பூட்டைத் திறக்கவும் தெரிந்திருந்தது.

கமிஷனர் தலையிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ரிக்கியின் கதையிலேயே பதில் இருக்கிறது. 1938இல் அன்றைய கமிஷனர் கெனசா லாண்டிஸ், கார்டினல்ஸின் மைனர் டீம்களில் அடைத்துவைக்கப்பட்டிருந்த 70க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களை ஒரே உத்தரவில் விடுவித்தார். அதில் ஒருவர் பீட் ரைஸர், டாட்ஜர்ஸில் சேர்ந்து 1941இல் நேஷனல் லீக்கின் பேட்டிங் பட்டத்தை வாங்கினார். அவ்வளவு அதிரடி வேண்டாம், என் நண்பன் செத்தேபோவான். வருடத்துக்கு ஒரு தடவை ரூல் 5, அது போதும்.

ஆடாத பையன் வளரவும் மாட்டான் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. சின்னப்பம்பட்டி நடராஜனை டி.என்.பி.எல். ஆட வைத்தது, அங்கே யார்க்கர் போட்டதை நாலு பேர் பார்த்தார்கள், 2017இல் பஞ்சாப் டீம் 3 கோடி கொடுத்து எடுத்தது. அவரை ஏதோ ஒரு டீம் பெஞ்சில் ஐந்து வருடம் உட்கார வைத்திருந்தால் அந்த யார்க்கரை யார் பார்த்திருப்பார்கள்? அந்த 24 வயது ஷார்ட்ஸ்டாப்பை நான் எடுத்தால் என் டீம் இந்த வருடம் ஐந்து ஆட்டம் கூடுதலாக ஜெயிக்கும். பெரிய விஷயமில்லை. ஆனால் ஜூலை மாதத்திலும் ஸ்கோரைத் திறந்து பார்க்க எனக்கு ஒரு காரணம் இருக்கும்.

அடுத்து வெளிநாட்டுப் பையன்கள். டிராஃப்டுக்குள் வராமல் நேரடியாக ஒப்பந்தமாகிற 16, 17 வயதுக்காரர்கள். நம் லீக்கில் இது முழுக்கத் திறந்த சந்தை, யார் அதிகம் கேட்டாலும் வாங்கலாம், போன மூன்று சீசனிலும் முதல் பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் அதே மூன்று டீமுக்குத்தான் போனார்கள். முன்கதவில் வரிசை, பின்கதவில் காசு. நிஜத்தில் இதே கதைதான் நடந்தது. 2015இல் கியூபாவிலிருந்து வந்த யோவான் மொன்காடாவுக்கு பாஸ்டன் ரெட் சாக்ஸ் 3.15 கோடி டாலர் போனஸ் கொடுத்தது, வரம்பு மீறியதற்கு அதே அளவு வரியும் கட்டியது. பிறகு ஒவ்வொரு டீமுக்கும் தாண்டவே முடியாத உச்சவரம்பு வந்தது. 2017 டிசம்பரில் ஷோஹெய் ஓதானி வந்தபோது 23 வயதுதான், அந்த வரம்புக்குள் மாட்டினார், ஏஞ்சல்ஸ் கொடுத்த போனஸ் 23 லட்சத்துச் சொச்சம் டாலர். காசு பேச முடியாதபோது எந்த டீமில் ஆட வேண்டும் என்று ஆட்டக்காரரே யோசித்து முடிவெடுத்தார். இங்கேயும் எல்லோருக்கும் ஒரே வரம்பு வைத்துவிடுங்கள், கீழே இருக்கும் நாலு டீமுக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் சந்தோஷம், கொடுக்காவிட்டாலும் சண்டை இல்லை.

வேண்டுமென்றே தோற்கிறார்கள் என்ற புகாரும் உங்கள் அறிவிப்பில் இருந்தது. ஆமாம், நடக்கிறது. நானே செய்திருக்கிறேன். இரண்டு சீசனுக்கு முன்னால் கடைசி பத்து ஆட்டத்தில் என் முதல் பிட்சரை முதுகுவலி என்று சொல்லி உட்கார வைத்தேன், அவனுக்கு ஒரு வலியும் இல்லை. கிடைத்தது முதல் தேர்வு, எடுத்தது ஒரு இடது கை பிட்சர், 20 வயதில் முழங்கை போய்விட்டது. தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள், எனக்கு நிற்கக்கூட இல்லை. ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் 2011லிருந்து மூன்று வருடம் 106, 107, 111 என்று தோற்றுத் தள்ளி, 2012, 2013, 2014 மூன்று டிராஃப்டிலும் முதல் தேர்வை வாங்கியது. அதில் கார்லோஸ் கொரேயா தேறினார், 2017இல் கோப்பையும் வந்தது, உடனே எல்லோருக்கும் தோற்பதுதான் வழி என்று தோன்றிவிட்டது. மற்ற இரண்டு முதல் தேர்வும் என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை: மார்க் அப்பெல் மேஜர் லீக்கில் கால்வைக்க 2022 ஆனது, அதுவும் வேறு டீமில், பிராடி ஏய்கன் அவர்களிடம் ஒப்பந்தமே போடவில்லை.

இப்போது மேஜர் லீக்கில் முதல் ஆறு இடத்துக்குக் குலுக்கல். 2023 டிராஃப்டிலிருந்து நடக்கிறது, கடைசி மூன்று டீமுக்கும் முதல் தேர்வுக்கான வாய்ப்பு ஒரே அளவு, 16.5 சதவீதம். பெரிய வருமான டீம்கள் அடுத்தடுத்த இரண்டு வருடமும், மற்றவை தொடர்ந்து மூன்று வருடமும் குலுக்கலில் இடம் வாங்கவும் முடியாது. 2024இல் சிகாகோ வைட் சாக்ஸ் 121 ஆட்டம் தோற்றது, ஆனால் முந்தைய தடவைதான் குலுக்கலில் இடம் வாங்கியிருந்தார்கள் என்பதால் 2025இல் பத்தாவதாகத்தான் எடுக்க முடிந்தது. நமக்கும் இதே முறை ஒத்துவரும். சீட்டை நீங்கள் தனியாக உட்கார்ந்து எடுக்காமல் வீடியோ காலில் எல்லோர் முன்னாலும் எடுத்தால் இன்னும் நல்லது. உங்கள் மேல் சந்தேகம் என்று சொல்லவில்லை, உங்கள் சொந்த டீமுக்கு ஒரு தடவை முதல் சீட்டு விழுந்தால் அப்புறம் வருடம் முழுக்க நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம், எனக்குச் சின்னதல்ல. 20 சுற்று நமக்கு அதிகம். 16 டீம், 320 பையன்கள். வேலைக்குப் போய்விட்டு வந்து ராத்திரி இத்தனை பேரைப் பார்த்துப் பட்டியல் போட யாருக்கு முடிகிறது? மேஜர் லீக்கே 40 சுற்றாக இருந்ததை, 2020இல் கொரோனா நேரத்தில் ஐந்துக்குக் கொண்டுவந்து, அப்புறம் 20இல் நிறுத்தியது. அவர்களிடம் 30 டீம், சம்பளத்துக்கு ஆள். 2024 நவம்பர் 30 ஞாபகம் இருக்கிறதா? ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறிய ராத்திரி, நம் டிராஃப்டும் அன்றைக்குத்தான். சாயங்காலமே கரண்ட் போய்விட்டது. லேப்டாப்பில் 4 சதவீதம், போனில் ஒரு கோடு டவர், அதுவும் மழை அடித்தால் போய்விடும். ஜன்னல் ஓரம் நாற்காலி போட்டு ஏறி நின்று போனைத் தூக்கிப் பிடித்துப் பட்டியலை அனுப்பப் பார்த்தேன், 91 பெயர் ஏறியது, நின்றுவிட்டது. மீதியை மென்பொருளே எடுத்தது. கரண்ட் வந்த பிறகு திறந்து பார்த்தால் எனக்கு வரிசையாக மூன்று கேட்சர், அதில் இரண்டு பேர் இடது கைக்காரர்கள். பேஸ்பாலில் அநேகமாக யாருமே நிறுத்தாத இடது கை கேட்சரை வைத்து நான் என்ன செய்வது, பூஜையா? 12 சுற்று போதும். 13லிருந்து 20 வரை எடுத்த பையன்களில் இன்றைக்கு எத்தனை பேர் மெயின் டீமில் ஆடுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தேன், என் டீமில் ஒருவரும் இல்லை. பெரிய டீம்களில் சிலர் இருக்கிறார்கள், மைனரில், ஐஸில்.

ரூல் 5ஐத் திறந்தால் முதல் வருடம் யார் யார் வெளியே வருவார்கள் என்று எல்லோருக்கும் பயமாக இருக்கும். அதனால் அந்தப் பட்டியலை நானே எடுத்து வைத்துவிட்டேன், 16 டீமுக்கும், எக்செலில், ஒப்பந்தமான வயசு, ஆன சீசன், 40 பேரில் இருக்கிறானா இல்லையா என்று. மூன்று ராத்திரி ஆனது. என் டீமிலிருந்தே நாலு பேர் வெளியே வருகிறார்கள், அதில் ஒருவனை யாராவது நிச்சயம் தூக்குவார்கள், வயிறு எரியத்தான் செய்கிறது. இந்த முடிவின் மேல் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை ஓட்டெடுப்புக்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். நேரில் பேச வேண்டும் என்றால் சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி வருகிறேன், பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கிப் போன் பண்ணுகிறேன். நண்பனையும் கூப்பிடுங்கள், டீ அவன் செலவு.

அன்புடன்,
கடலூர் டீமின் ஜி.எம்.